கேக்கை மெதுவாக இறக்கு

என் வலது கை ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்தபடி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இடது உள்ளங்கை அதற்கு மேலே குடைபோல அசையாமல் நின்றது. துறைமுகத்தில் இப்படிக் காட்டினால், உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஓட்டுநர் சரக்கை மெதுவாகக் கீழே இறக்குவார்.

அன்று நான் நின்றது துறைமுகத்தில் அல்ல. மாதவரத்தில், முன்பு மாட்டுத் தீவனம் அடுக்கிவைத்திருந்த ஒரு கிடங்கில். தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கு ரோஸ் நிறம் அடித்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். விளக்குகளின் சூட்டில் சுவரிலிருந்து இன்னும் புண்ணாக்கு வாசனை வந்தது.

எதிரே நடுவர் நாற்காலியில் என் மனைவி ரோஸ்லின். அவள் வாயில் ஒரு துண்டு கேக். அதன் ருசி அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைத்தான் கேமராவுக்குப் பின்னால் நின்று விரலால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, போட்டியாளர் வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் என் பக்கம் திரும்பினாள். என் விரலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

தேதி எங்கே?

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு பெரம்பூர் வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். ‘தினமும் டைரி எழுதுகிறவர் என்கிறீர்கள். ஒரு தேதியையும் காணோமே?’

நியாயமான கேள்வி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதி வருகிறேன். எந்தக் கப்பல், எந்தக் கொடி, என்ன சரக்கு, காற்று எந்தப் பக்கம், மதியம் என்ன குழம்பு, எல்லாம் இருக்கும். பக்கத்தின் மேல் மூலையில் தேதியும் இருக்கும்.

இந்த ஒரு நாளுக்கு மட்டும் இல்லை. அந்த மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. முன்னும் பின்னும் ஏழெட்டுப் பக்கம் ஊறி, பேனா மை நீலக் குளமாகிவிட்டது. புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று மழைக்காலம் கடந்திருந்தது என்பதுவரை சத்தியம் செய்வேன். மற்றதைப் பெரம்பூர் நண்பர் மன்னிக்க வேண்டும். கறை எப்படி வந்தது என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

லாரிக்கு நடுவே இல்லறம்

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்தில் நான் சிக்னல் மேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. நான் கீழே நின்று கையால் சொல்வேன், அவர் செய்வார். விரல் மேலே சுழன்றால் தூக்கு. கீழே சுழன்றால் இறக்கு. அதன் மேல் மற்றக் கையை வைத்தால் மெதுவாக. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் எல்லாம் அப்படியே நிற்கட்டும், ஒன்றையும் தொடாதே. இரண்டு கைகளையும் விரித்து வீசினால் ஆபத்து.

எங்கள் வீடு காசிமேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் வரிசையில் நிற்கும். நின்றால் ஹாரன், நகர்ந்தால் உறுமல். கல்யாணமான முதல் மாதம் நானும் ரோஸ்லினும் பேசியதில் பாதி லாரிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது மாதம் அவளுக்கு கிரேன் சைகை முழுவதும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல் நடந்தது. அவள் சமையலறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்து வீசினாள் என்றால், நான் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

ரோஸ்லின் தூத்துக்குடிக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே பேக்கரி. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமாகி இங்கே வந்தபின் கல்யாண கேக் செய்ய ஆரம்பித்தாள். நாலடுக்கு, ஐந்தடுக்கு. மேல் அடுக்கைத் தூக்கிப்பிடித்தால் அதன் அடி விளிம்பு அவளுக்குத் தெரியாது. நான் நாலடி தள்ளி நின்று, இடது, வலது, மெதுவாக, இறக்கு என்று கை காட்டுவேன். துறைமுகத்தில் நாற்பது டன், வீட்டில் நாலு கிலோ. பயம் என்னவோ வீட்டில்தான் அதிகம்.

ஒரே ஒருமுறை கை காட்டாமல் வாயால் கத்தினேன். அவள் திடுக்கிட்டதில் மேல் அடுக்கு ஜன்னல் வழியாகப் போய்க் கீழ்வீட்டுப் பூனையின் மேல் விழுந்தது. பூனை மூன்று நாள் இனிப்பாகத் திரிந்ததாகவும், எறும்புகள் அதன் பின்னாலேயே போனதாகவும் டைரியில் இருக்கிறது.

கொக்கியைத் தின்றவர்

கேக்கின் வரலாறு பற்றி நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்துப் படித்திருக்கிறேன். மூன்றும் ஒன்றையொன்று பொய் என்கின்றன. ரோஸ்லினின் கேக் வரலாற்றுக்கு மட்டும் நானே சாட்சி.

அவள் செய்த முதல் உருவ கேக், கிரேன். என் ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் ஓய்வுபெற்ற அன்று செய்தது. பன்னிரண்டு வருடம் நான் கை காட்ட, அவர் தூக்கி இறக்கினார். பிஸ்கட்டால் செய்த கிரேன் கை, பேச்சாளர்கள் பேசிய நேரத்தில் மெல்லச் சாய்ந்து, நாலாவது பேச்சாளரின் ‘எனவே’யில் ஒடிந்து விழுந்தது.

ஏழுமலை அண்ணன் எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னார். “பார்த்துகினியா சவரி? நான் ஓட்ன வரிக்கும் ஒடையல. வூட்டுக்குப் போன்னதும் ஒடஞ்சிகிச்சி.” சொல்லிவிட்டுச் சர்க்கரைக் கொக்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய மகள், ரெட்டைச் சடை போட்ட சிறுமி, கிரேனின் சக்கரங்களைக் கேட்டு வாங்கிப் போனாள்.

அதன்பிறகு ரோஸ்லினின் பெயர் எண்ணூர்வரை போய்விட்டது. கால்பந்துக் கோப்பை கேக், இறால் கேக், ஒரு கம்பவுண்டர் வீட்டுக்கு ஊசி கேக். எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் டில்லி, மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் எங்கள் தெருக்காரன். காலையில் வஞ்சிரம், மாலையில் வெண்ணிலா. லாரி டயரின் உள்டியூபைப் பாதி காற்றடித்து வண்டியில் கிடத்தி, அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் கேக்கை வைப்பான். பள்ளத்தில் வண்டி குதிக்கும், கேக் குதிக்காது. வண்டியை இரண்டுமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுவான். ஆனாலும் சில வீடுகளில், “வாசனை நம்ப வூட்டு வாசனையா கீது” என்று சந்தோஷப்பட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் ரோஸ்லினுக்குள் முள்ளாகக் கிடந்தது. ஒருமுறை ஒரு பெரிய ஹோட்டலில் கேக் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். “எங்கே படித்தீர்கள்?” என்றார்கள். “எங்கப்பா அடுப்புல” என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கதவுவரை கொண்டுவந்து விட்டார்கள். எல்லோருக்கும் அவள் ‘கேக்குக்காரம்மா’. நாற்காலி போட்டு உட்கார வைத்து, பெயர் எழுதிய பலகையை முன்னால் வைக்க யாருமில்லை.

அப்படியிருக்க, தண்டையார்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் ஐந்தடுக்கு கேக் மீன்பாடி வண்டியிலிருந்து நலுங்காமல் இறங்குவதை ஒரு தொலைக்காட்சி இயக்குநர் பார்த்தார். பெயர் ரகு. சின்ன வயசு, பெரிய கண்ணாடி. ‘கேக்கோ கேக்’ என்று போட்டி நிகழ்ச்சி தொடங்குவதாகச் சொன்னார். பதின்மூன்று வாரம். நடுவர் இருவர். ஒருவர் ஹோட்டல் செஃப் மகேந்திரன். இன்னொருவராக ரோஸ்லினை ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் மற்றப் பன்னிரண்டு வாரமும் அவளுக்குத்தான்.

“பேர்ப்பலகை உண்டா தம்பி?” என்று கேட்டாள் ரோஸ்லின்.

“உண்டு மேடம். கேக் வடிவமைப்பாளர் ரோஸ்லின்னு போடுவோம்.”

அன்று முழுக்க அவள் என்னிடம் கையாலும் பேசவில்லை, வாயாலும் பேசவில்லை. ஓவனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஐஸ் ஃபேக்டரியில் நாலு மணி நேரம்

ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால், காசிமேட்டு மீன்பிடி லாஞ்ச் ஓனர் ஒருவர் தன் பேரன் பிறந்தநாளுக்கு மூன்றடி நீளத்தில் லாஞ்ச் கேக் கேட்டிருந்தார். கொடி, வலை, டீசல் கறை உட்பட எல்லாம் வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜில் அந்த லாஞ்ச் நுழையாது. வெளியே வைத்தால் வெயிலில் கிரீம் ஓடும். இப்படிப்பட்ட கேக்குகளை நாங்கள் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிக்குள் வைத்துத்தான் அலங்கரிப்போம். பாளம் பாளமாக ஐஸ் அடுக்கியிருக்கும் அறையில், என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்து வலை பின்னினாள் ரோஸ்லின்.

லாஞ்ச் அழகாக வந்தது. மறுநாள் அவள் மூக்கு அடைத்துக்கொண்டது.

முதலில் மூக்கு. பிறகு நாக்கு. மிளகு ரசம், நொச்சி ஆவி, நீலகிரித் தைலம், எதுவும் பிடிக்கவில்லை. ஷூட்டிங் காலையில் ஒரு ஸ்பூன் சர்க்கரையையும் ஒரு ஸ்பூன் உப்பையும் வாயில் போட்டுப் பார்த்தாள். இரண்டும் மணலாக இருந்தன.

“டைரக்டர் தம்பிகிட்ட சொல்லிருதேன். இன்னிக்கு முடியாதுன்னு.”

“சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்” என்றேன்.

“நாக்கு இல்லாம நடுவர் சேர்ல உக்காந்தா, அது மோசடி இல்லையா?”

அப்போதுதான் அந்த யோசனையை நான் சொன்னேன். பழி முழுவதும் என்னுடையது. பதினைந்து வருடமாக அவள் கேக்கை மூன்று வேளையும் தின்று வளர்ந்த நாக்கு என்னுடையது. நான் உதவியாளாக உள்ளே வருகிறேன். ஓரத்து மேசையில் கேக் வெட்டும்போது ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டுகிறேன். விரல் மேலே சுழன்றால் இனிப்பு தூக்கல். கீழே என்றால் ஏதோ தப்பு, மார்க்கை இறக்கு. கை கோத்தால் அருமை, எதையும் மாற்ற வேண்டாம்.

“உங்க நாக்கு. என் கண்ணு” என்றாள் அவள், நம்பிக்கை இல்லாமல். “சரி. ஒரு நாளுக்குத்தான்.”

பேசின் பிரிட்ஜில் புனல் இல்லை

டில்லி வண்டியில்தான் கிளம்பினோம். டியூபின்மேல் கேக்குக்குப் பதில் பட்டுப்புடவையோடு ரோஸ்லின். பேசின் பிரிட்ஜ் மேலேறும்போது வண்டி இருமி நின்றது.

“பேஜாரா பூட்ச்சி நைனா. டேங்க் காலி” என்றான் டில்லி. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தான். பாதி பெட்ரோல், பாதி ரேஷன் மண்ணெண்ணெய். அவன் வண்டி அதைத்தான் குடிக்கும். ஊற்றப் புனல் இல்லை.

“கையக் குவிச்சிப் புடி நைனா. நீதான் புனலு.”

நான் புனலானேன். பிறகு துறைமுகத்து வழக்கப்படி, பையில் எப்போதும் வைத்திருக்கும் காட்டன் வேஸ்ட் நூல் உருண்டையால் கையைத் துடைத்துக்கொண்டேன். துறைமுகக்காரன் அகராதியில் காட்டன் வேஸ்ட்டால் துடைத்தது என்றால் கழுவியது என்று பொருள்.

ஸ்டூடியோவில் ரோஸ்லினுக்கு மேக்கப் போட்டார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து டைரியை எடுத்து, பக்கத்தின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அன்றைய தேதியை எழுதினேன். ரகு வந்து ரோஸ்லினைப் பேச வைத்துப் பார்த்தார். மூக்கடைத்து கனத்திருந்த அவள் குரலைக் கேட்டு, “அப்பா! என்ன கம்பீரம் மேடம்! இதையே மெயின்டெய்ன் பண்ணுங்க” என்றார்.

மூன்று கேக்குகள்

முதல் கேக் ஒரு கல்லூரி மாணவியுடையது. சாக்லேட். ஓரத்து மேசையில் ஃபோர்க்கால் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். விரலை மேலே சுழற்றினேன்.

“நல்லா வெந்திருக்கு. ஆனா இனிப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாள் ரோஸ்லின்.

செஃப் மகேந்திரன் ஸ்பூனை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் தலையாட்டினார். “நான் சொல்ல வந்ததும் அதுதான்.”

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பழ கேக். ஃபோர்க். ஒரு வாய். என்னையறியாமல் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

“டீச்சர், இதுல ஒண்ணையும் மாத்தாதீங்க” என்றாள் ரோஸ்லின். செஃப் மறுபடி கண்ணை மூடினார். “நான் சொல்ல வந்ததும் அதுதான்.” மனிதர் கண்ணைத் திறப்பதற்குள் ஒரு விளம்பரமே போட்டுவிடலாம்.

மூன்றாவது கேக் வந்தபோது கிடங்கே எழுந்து பார்த்தது. எண்ணூர் அனல் மின் நிலையம். சாம்பல் நிற கிரீமில் கட்டடம், பிஸ்கட் சுருளில் புகைபோக்கிகள், அவற்றின் உச்சியில் பஞ்சுமிட்டாய்ப் புகை. செய்தவள் பொன்னி, எர்ணாவூர். இருபத்தைந்து வயசிருக்கும். நெற்றியில் வியர்வை, இடுப்பில் கை.

ஓரத்து மேசையில் ஃபோர்க் தீர்ந்துவிட்டிருந்தது. விரலால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன்.

மண்ணெண்ணெய்.

சந்தேகமே இல்லை. ஸ்டவ்வில் சுட்டிருக்கிறாள், புகை ஏறிவிட்டது என்று தீர்மானித்தேன். பாவம், இத்தனை அழகான கேக். ஒரேயடியாக இறக்க மனம் வரவில்லை. எனவே மேலே கை வைத்தேன். மெதுவாக இறக்கு.

இப்போது நாம் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

“என் கேக்கு இன்னா சரக்கா?”

“யோவ் சிக்னல் மேன் சார்!” என்றாள் பொன்னி. கிடங்கு எதிரொலித்தது. “இன்னா மெதுவா எறக்க சொல்லிகினு கீற? என் கேக்கு இன்னா கப்பல்ல வந்த சரக்கா?”

ரகு “கட்!” என்று கத்தினார். யாரும் கட் செய்யவில்லை.

“மொத கேக்குக்குத் தூக்குன்ன. அந்தம்மா இனிப்பு தூக்கல்னாங்கோ. ரெண்டாவதுக்குக் கைய கோத்துகின. மாத்தாதீங்கன்னாங்கோ. நான் பார்த்துகினேதான் கீறேன். எங்கப்பா கிரேன் ஏழுமலை. இந்த சிக்னல்லாம் நான் அ, ஆ கத்துக்குறதுக்கு முந்தி கத்துகினது!”

அந்த ரெட்டைச் சடை. அந்தச் சக்கரங்கள். என் விரல் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. நிறுத்தினேன்.

ரோஸ்லின் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“அந்தப் புள்ள சொல்லுதது நெசம். எனக்கு ரெண்டு நாளா மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. ஐஸ் ரூம்ல உக்காந்து வேல பாத்து சளி புடிச்சிட்டு. சொல்லியிருக்கணும். இந்தச் சேர் மேல ஆசைப்பட்டு சொல்லல. ருசி பாத்தது அவங்க. வாயசைச்சது நான்.”

பெயர்ப்பலகையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

ரகு மெல்லச் செஃப் பக்கம் திரும்பினார். “சார், நல்லவேளை. நீங்க ருசி பார்த்தீங்கல்ல? உங்க தீர்ப்பை வெச்சே...”

செஃப் மகேந்திரன் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். “ரகு... எனக்குச் சர்க்கரை வியாதி. ஆறு வருஷமா நான் கேக்கைத் தொட்டதே இல்லை. ஸ்பூனை உதட்டில் வைப்பேன். அவ்வளவுதான். மேடம் சொன்னதைத்தான் நானும்...”

“நீ சொல்ல வந்ததும் அதுதானா?” என்றாள் பொன்னி.

ரகு தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இந்த மூணு கேக்கையும் உண்மையில ருசி பார்த்தது யாரு?”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. யாரோ ஒரு விளக்கையும் திருப்பினார்கள்.

மொழிபெயர்ப்பாளர்

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். வெளிச்சத்தில் கண் கூசியது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கையைத் தூக்கினேன்.

“என்ன சொல்றார்?” என்று ரகு கேட்டார்.

பொன்னி பெருமூச்சு விட்டாள். “சாக்லேட்டு... தூக்கல். ரெண்டாவது எடம். டீச்சர் கேக்கு சோக்கா கீது, அதான் பஸ்ட்டு. என்னுது...” என் கையை உற்றுப் பார்த்தாள். நான் மூக்கைத் தொட்டுக் காட்டி, ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பதுபோல் செய்து காட்டினேன். அது துறைமுகச் சைகை அல்ல. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “என்னுது கெரசின் நாத்தம் வருதாம். கடைசி எடம்.”

தன் தோல்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தாள். பிறகு சொன்னாள். “ஆனா சார், எங்க வூட்ல கெரசின் ஸ்டவ்வே கெடையாது. கேஸ் அடுப்புல சுட்டேன்.”

“என் நாக்கு தப்பாகச் சொல்லாது” என்றேன். அப்போது பார்த்து எனக்குக் குரல் வந்துவிட்டது.

ஒருவர்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். ஆசிரியை போனார். பொன்னி மின் நிலையத்தைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போனாள்.

ரகு ரோஸ்லினிடம் வந்தார். “மேடம், கேமரா முன்னாடி இப்படி உண்மையைப் பேசின ஆளை நான் பார்த்ததில்லை. சேர் உங்களுக்குத்தான். அடுத்த வாரம் மூக்கோட வாங்க.” கவிழ்ந்திருந்த பெயர்ப்பலகையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

நெத்திலிக் கருவாடு

வண்டி காசிமேட்டை நெருங்கியது. கருவாடு காயவைத்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது ரோஸ்லின் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏங்க!”

“என்ன?”

“நாறுதுங்க!” அவள் கண்ணில் தண்ணீர். “நெத்திலி! நெத்திலிக் கருவாடு நாறுது! டில்லி, வண்டிய நிறுத்துடா, ஆசதீர மோந்துக்கிடுதேன்!”

மூக்கு வந்துவிட்டது. நாக்கும் வந்ததா என்று பார்க்க, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பொன்னியின் கேக்கில் ஒரு துண்டைப் பேப்பரில் மடித்து வைத்திருந்தாள். கடித்தாள். மென்றாள். இன்னொரு வாய் கடித்தாள்.

“கெரசின் இல்லையே.”

“இருக்கு. நான் சாப்பிட்டேனே.”

“வாயத் தொறங்க.” அவள் கையாலேயே ஒரு துண்டை என் வாயில் போட்டாள். வெண்ணெய், ஏலக்காய், லேசாகக் கருகிய சர்க்கரை. இத்தனை வருடத்தில் நான் தின்ற நல்ல கேக்குகளில் ஒன்று. நம்பாமல் பேப்பரிலிருந்து என் கையால் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். மண்ணெண்ணெய்.

மூன்று பேரும் என் விரலைப் பார்த்தோம்.

“நைனா” என்றான் டில்லி, மிகவும் மரியாதையாக. “காலீல நீதான வண்டிக்குப் புனலு?”

ரோஸ்லின் பெயர்ப்பலகையை எடுத்து மடியில் வைத்தாள். ‘கேக் வடிவமைப்பாளர்’ என்ற எழுத்துகளின் மேல் ஒருமுறை கையால் தடவினாள்.

“திருப்பு வண்டிய.”

“அக்கா, சேரு கெடச்சிச்சே. கம்னு வுடுக்கா. யாருக்குத் தெரியப்போது?”

“அந்தச் சேர்ல உக்காந்தா எனக்கு முதுகு அரிக்கும்டா. திருப்பு.”

பொன்னியை மாதவரம் பஸ் நிலையத்தில் பிடித்தோம், எர்ணாவூர் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள் சாய்ந்திருந்தன. மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தாள். ரோஸ்லின் வண்டியிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்து அவள் மூக்கருகே கொண்டுபோனாள். விளக்கம் தேவைப்படவில்லை.

“அய்ய, கலீஜ்!” என்றாள் பொன்னி. “இந்தக் கையாலயா என் கேக்க தொட்ட?”

டியூபின்மேல் மின் நிலையம், அதைச் சுற்றி நாங்கள். ஸ்டூடியோவில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் பெயர்ப்பலகையை ரகுவின் முன்னால் வைத்தாள்.

“தீர்ப்பு தப்பு. இந்தப் புள்ளைய உள்ள எடுங்க. அதுக்கு நான் வெளிய போகணும்னா போறேன்.”

“முடிவை மாத்தினா சேனல்ல என்னைக் கேள்வி கேப்பாங்க மேடம்.”

“கேக்கட்டும். நீங்க மொதல்ல இதத் தின்னு பாருங்க. ஃபோர்க்கால.”

ரகு தின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். ஏணிமேல் இருந்த விளக்குக்காரர் இறங்கி வந்து ஒரு துண்டு எடுத்தார். காருக்குக் காத்திருந்த செஃப் மகேந்திரன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் “எனக்கும் ஒரு சின்னத் துண்டு, ஆறு வருஷமாச்சு” என்றார். ரோஸ்லின் அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்து வீசினாள். அவருக்கு கிரேன் சைகை தெரியாது. ஆனாலும் நின்றுவிட்டார்.

“சரி” என்றார் ரகு. “டீச்சரும் போகட்டும், பொன்னியும் போகட்டும். சேர் உங்களுக்குத்தான் மேடம். ஒரே ஒரு நிபந்தனை.” என்னைக் காட்டினார். “சார் இந்த கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.”

மற்றப் பன்னிரண்டு வாரமும் நான் கேட்டுக்கு வெளியே டில்லியோடு உட்கார்ந்திருந்தேன். விரலை ஆட்டிக்கொண்டு ஒருவர் வருவார், விடாதே என்று காவலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். பொன்னி அரையிறுதிவரை போனாள். அங்கே ஏலக்காய் தூக்கலாகிவிட்டது என்று ரோஸ்லினே அவளை இறக்கினாள். இந்தமுறை பொன்னி சண்டை போடவில்லை. “அக்கா நாக்கு அது. ஒத்துக்கறேன்” என்றாளாம்.

ஏழுமலை அண்ணனின் சைகை

முதல் வாரம் ஒளிபரப்பானபோது தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. வாக்குமூலம், மொழிபெயர்ப்பு, செஃபின் தொப்பி, எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், திரையின் ஓரத்தில், ஒரு விரல் சுழன்று மறைந்தது. “நம்ப நைனாவோட வெரலு!” என்று டில்லி கூவினான். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுநாள் ஜன்னலுக்குக் கீழே வழக்கம்போல லாரி வரிசை. சாலைக்கு எதிர்ப்புறம் ஏழுமலை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. என்னைப் பார்த்து என்னவோ கத்தினார். லாரி விழுங்கிவிட்டது. கோபமா சிரிப்பா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

அவர் பெட்டியைத் தரையில் வைத்தார். வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். இடது உள்ளங்கையை மேலே குடையாகப் பிடித்தார்.

பன்னிரண்டு வருடம் நான் காட்டி அவர் செய்தார். அன்று முதல்முறையாக அவர் காட்டினார்.

மாடிப்படியில் மெதுவாக இறங்கினேன். அதற்கு முன்னால் சோப்புப் போட்டு இரண்டுமுறை கையைக் கழுவினேன்.